பிழை பூஜ்யம்

கருக்கமேட்டில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஆனால் அந்த ஊர் ஆண்கள் தோண்டாத தண்ணீர் இந்தத் தேசத்தில் கிடையாது. போர்வெல் லாரிகளில் ஏறி ராய்ப்பூருக்கும் அதற்கு அப்பாலும் போய், பாஷை புரியாத ஊர்களில் இரவு பகலாகப் பூமியைத் துளைத்து, யார் யார் தோட்டத்திலோ தண்ணீர் பீறிட்டு அடிப்பதை நின்று பார்த்துவிட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கலுக்கு, சேறு காய்ந்த சட்டையோடு வீட்டுக்கு வருவார்கள். மிச்ச நாளெல்லாம் ஊரில் பெண்களும், கிழடுகளும், துளைபோடுகிற ரிக்கில் கை கால் போனவர்களும்தான். கணவன் என்பது அங்கே போனில் வருகிற ஒரு சங்கதி.

அந்தப் போனைப் பார்த்துக்கொண்டவள் வசந்தாமணி. பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்த தொலைபேசி நிலையத்தின் டெக்னீசியன். புருஷன் அர்த்தநாரியை ஊர் 'டெலிபோன்காரி ஊட்டுக்காரர்' என்று கூப்பிட்டது. கூப்பிட்டவர்கள் விளையாட்டாகத்தான் கூப்பிட்டார்கள், அவனுக்குத்தான் அது முள்ளாகக் குத்தியது. ஒரு நாள் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "நானும் ரிக்குக்குப் போறேன்" என்றான். போகாதீர்கள் என்று அவள் சொல்வாளென்று எதிர்பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் கையைக் காயவிட்டபடி உட்கார்ந்திருந்தான். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "போங்க" என்றாள். அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் வாய் இருந்தது, வேண்டிய நேரத்தில் திறக்கத்தான் தெரியவில்லை.

அவன் லாரி ஏறிய அன்றைக்குத்தான் ஊரிலிருந்து மாவட்டத் தலைநகருக்குப் போகிற புது டிஜிட்டல் லைனைச் சோதிக்க வேண்டியிருந்தது. சோதனை ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. நம்மிடமிருந்து போகிற கம்பியையும் நமக்கு வருகிற கம்பியையும் எதிர்முனையில் இருப்பவர் ஒரு துண்டு ஒயரால் பிணைத்துவிடுவார். அதற்கு லூப் போடுவது என்று பெயர். பிறகு இங்கிருந்து ஒன்றும் பூஜ்யமுமாக ஒரு கோலத்தை அனுப்பினால் அது போய், அங்கே திரும்பி, வந்து சேரும். போனதும் வந்ததும் ஒன்றாக இருந்தால் சோதனைப் பெட்டி 'பிழை பூஜ்யம்' என்று காட்டும். அதற்கும் முன்னால், பெட்டியே ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தன் அறையிலேயே ஒரு லூப் போட்டுப் பார்த்துக்கொள்வதும் உண்டு. இதில் ஒரே ஒரு கட்டளைதான். லூப் போட்டவர் அதை எடுத்துவிட்டு 'எடுத்தாச்சு' என்று வாயால் சொல்ல வேண்டும், சோதிப்பவர் அதைக் காதால் கேட்க வேண்டும். கேட்காமல் எழுந்து போகக் கூடாது. லூப் கிடக்கிற லைனில் போகிறதெல்லாம் திரும்பித்தான் வரும், யாரிடமும் போய்ச் சேராது.

அவள் தன் அறையில் லூப் போட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வெளியே ரிக் லாரி ஹார்ன் அடித்தது. ஜன்னலுக்கு ஓடினாள். குழாய்கள் அடுக்கிய லாரியின் மேல் அர்த்தநாரி இந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அவன் திரும்பிப் பார்த்தால் கையை ஆட்டலாம் என்று இவளும், இவள் கூப்பிட்டால் திரும்பலாம் என்று அவனும் இருந்திருக்க வேண்டும். லாரி யாருக்காகவும் காத்திருக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, அதே லைனில் நிலையத்துக்கு நிலையம் பேசுகிற சர்வீஸ் போனை எடுத்தாள்.

"மாதேஸ்வரண்ணா, லூப் போடுங்க."

"மாதேஸ்வரண்ணா, லூப் போடுங்க" என்றது மாவட்ட நிலையத்து மாதேஸ்வரனின் கரகரத்த குரல்.

சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துவது இந்தத் தொழிலில் வழக்கம் என்பதால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோலத்தை அனுப்பினாள். அப்படியே வந்தது. பிழை பூஜ்யம்.

"லூப்பை எடுத்தாச்சா?"

"லூப்பை எடுத்தாச்சா?"

"கேலி பண்றதுக்கு இன்னைக்குத்தான் நேரமா உங்களுக்கு?"

"கேலி பண்றதுக்கு இன்னைக்குத்தான் நேரமா உங்களுக்கு?"

அவளுக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. "எடுத்தாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? எடுத்தாச்சு!" என்று கத்தினாள். "எடுத்தாச்சு!" என்று மாதேஸ்வரனும் கத்தினார். கேட்க வேண்டிய வார்த்தையைக் காதால் கேட்டாயிற்று. போனை வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாச்சிமுத்துவின் எஸ்.டி.டி. பூத்தில் முதல் ஆளாகப் பாவாயி நின்றாள். நாச்சிமுத்து ரிக்கில் ஒரு காலைக் கொடுத்துவிட்டுப் பூத் வாங்கியவன். பாவாயி ஒற்றை மகன் தங்கவேலுவை ரிக்குக்குக் கொடுத்தவள். ராய்ப்பூர் முகாம் நம்பரைப் போட்டதும் மணி அடித்தது, எடுத்தார்கள்.

"கண்ணு, சாப்பிட்டயா?"

"கண்ணு, சாப்பிட்டயா?" என்றான் தங்கவேல்.

பாவாயி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு வெளியே நின்றவர்களைப் பார்த்தாள். "என்னையச் சாப்பிட்டயான்னு கேக்கறான் அம்மிணிகளா! இத்தனை வருசத்துல ஒரு நாள் கேட்டிருப்பானா இவன்?" என்று சொல்லிவிட்டு ரிசீவரை மறுபடி காதில் வைத்துக்கொண்டாள். கண்ணு என்று பெற்ற தாயைக் கூப்பிடுகிறானே என்று யாரும் யோசிக்கவில்லை. வெளியூர்க் காற்று பட்டால் பிள்ளைகளுக்குப் பாசம் கூடும் என்று வரிசையில் நின்றவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

அப்படித்தான் அது ஊருக்குப் பழகியது. எந்த நம்பரைப் போட்டாலும் போட்டவர் சொன்ன சொல் கேட்டவரின் குரலில் திரும்பி வந்தது, மழை பெய்தால் ஓடு சத்தம் போடுகிற மாதிரி அது பாட்டுக்கு வந்தது, ஏன் வருகிறது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை, எப்படிப் பேசினால் நன்றாக வரும் என்பதைத்தான் எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். புருஷனைத் திட்டியவள் புருஷனிடம் திட்டு வாங்கினாள், ஆகவே மாசக் கணக்கில் அல்ல, வாரக் கணக்கிலேயே ஊரில் போனில் திட்டுவது நின்றுபோயிற்று. எப்ப வருவே என்று கேட்டவளிடம் எப்ப வருவே என்றே கேட்டது, ஆகவே கேள்வி கேட்பதையும் விட்டார்கள். எந்த வார்த்தை வேண்டுமோ அந்த வார்த்தையை நாமே சொல்லிவிட வேண்டும் என்பதைக் கண்டுபிடித்தவள் பாவாயிதான். "அம்மா, நான் நல்லா இருக்கறேன், நீ ஒண்ணும் நெனச்சுக்காத" என்று அவள் போனில் சொல்லுவாள், அதையே மகன் சொல்லக் கேட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் படுப்பாள். ஞாயிற்றுக்கிழமை பூத்துப் பக்கம் போனால், நரைத்த கிழவிகள் அம்மா அம்மா என்று உருகுவதும், கல்யாணமான பெண்கள் தங்கள் பெயரைத் தாங்களே செல்லமாகக் கூப்பிட்டுக்கொண்டு கண்ணை மூடி நிற்பதும் காணக் கண் கோடி வேண்டும்.

நல்லது நடக்கிற இடத்தில் மற்றதும் நடக்காமல் இருக்குமா? காளியண்ணன் ரிக்குக்குப் போயிருந்த தன் தம்பியின் பங்கு நிலத்தைப் பஞ்சாயத்து முன்னால் போனிலேயே முடித்தார். ஸ்பீக்கரைப் போடச் சொல்லி, "அண்ணா, கெணத்து மேட்டு நெலத்தை நீயே வெச்சுக்க" என்று அவர் சொல்ல, அங்கேயிருந்து தம்பியும் அதையே சொன்னான். காளியண்ணன் தம்பியை எதற்கு அண்ணா என்று கூப்பிட்டார் என்று பஞ்சாயத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் நாளைக்குத் தங்கள் வேலை கெடும் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கணக்கு இருந்தது.

துறை அதிகாரிகள் கண்டுபிடித்திருக்க வேண்டாமா என்றால், அவர்களுக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவே இல்லை. தாங்கள் சொன்னதை அப்படியே கீழே இருப்பவர்கள் திருப்பிச் சொல்லிக் கேட்டே பழகியவர்கள் அவர்கள். "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, இல்லையா?" என்று மேலதிகாரி கேட்பார், "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, இல்லையா?" என்று வசந்தாமணியின் குரல் பணிவாகச் சொல்லும். சோதனை செய்த போதெல்லாம் பிழை பூஜ்யம் என்று வந்ததால், மாவட்டத்திலேயே சிறந்த நிலையம் என்று கருக்கமேட்டுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதை வாங்கி அவள், லைன்களெல்லாம் வந்து சேர்கிற ரேக்குக்கு மேலே வைத்தாள்.

வசந்தாமணிக்குத் தெரியும். ஊரில் ஒருத்திக்காவது தெரிந்திருந்தது என்றால் அவளுக்குத்தான். முதல் வாரமே, கேட்ட மாத்திரத்தில், இது லூப் என்று தெரிந்துவிட்டது. மாதேஸ்வரன் எடுத்தாச்சு என்று சொல்லிவிட்டு எடுக்காமல் விட்டிருக்கிறார், லூப் போட்டவர்தான் எடுக்க வேண்டும், அது அவருடைய ஊர், அவருடைய வேலை என்று நினைத்துக்கொண்டாள். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சொல்லிவிட்டு வரலாம். அடுத்த வாரம் போகலாம் என்று இருந்தாள். அந்த அடுத்த வாரத்தில்தான் அவள் நிலையத்துப் போனில் முகாம் நம்பரைச் சுழற்றி, யாருமில்லாத அறையில், கூச்சத்தோடு, "வசந்தா, எனக்குக் கோவமெல்லாம் போயிருச்சு" என்று சொல்லிப் பார்த்தாள்.

"வசந்தா, எனக்குக் கோவமெல்லாம் போயிருச்சு" என்றான் அர்த்தநாரி. முதல் எழுத்தில் கொஞ்சம் தயங்கி, கடைசியில் குரலை இறக்கி, அவன் எப்படிச் சொல்லுவானோ அப்படியே. கம்பி எப்படி ஓடுகிறது என்று தெரிந்திருந்து என்ன பிரயோஜனம்? காது எல்லாருக்கும் ஒரே காதுதான். அதற்குப் பிறகு அவள் மாவட்டத்துக்குப் பஸ் ஏறுவதைப் பற்றி நினைக்கவில்லை. தினமும் வேலை முடிந்ததும் புருஷன் தன்னை மன்னிக்கிற வார்த்தையைத் தானே போனில் சொன்னாள், அவனும் மன்னித்துக்கொண்டே இருந்தான்.

பொங்கலுக்கு அந்த வருஷம் ஒரே ஒரு லாரிதான் வந்தது. அதை ஓட்டி வந்தவர் பொங்கியண்ணன். வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் சம்சாரம் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போனில் அவ்வளவு தன்மையாகப் பேசுகிற மனுஷன் நேரில் இப்படிக் கத்துகிறாரே என்று முகத்தைச் சுளித்தாள். அவர் வேட்டியைக்கூட மாற்றாமல் நேரே தொலைபேசி நிலையத்துக்கு வந்தார்.

"என்ன அம்மிணி லைன் வெச்சிருக்கற நீ? மனுசன் பேசற லைனா இது? நாங்க என்ன சொன்னாலும் அதையே எங்களுக்குத் திருப்பிச் சொல்றாளுங்க இந்த ஊருப் பொம்பளைங்க. ஊட்டுல எல்லாம் சௌக்கியமான்னு கேட்டா, ஊட்டுல எல்லாம் சௌக்கியமாங்கறா. பைத்தியமே புடிக்குது. பாதிப் பேரு போன் போடறதையே உட்டுட்டானுக."

லூப்புக்கு இரண்டு பக்கமும் முகம் உண்டு என்பதை, இத்தனை வருஷ வேலையில், அந்த நிமிஷம் வரைக்கும் அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை.

"பாவாயி பையன் தங்கவேலு ரிக்கு மேலேருந்து உழுந்து இடுப்பு ஒடைஞ்சு ஆஸ்பத்திரில கெடக்கறான். தெனமும் பூத்துக்குப் போன் போடச் சொல்லி, 'அம்மா, என்னைய வந்து கூட்டிட்டுப் போ'ங்கறான். அவன் ஆத்தா குரல்ல 'அம்மா, என்னைய வந்து கூட்டிட்டுப் போ'ன்னு வருதாம். ஆத்தாளுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு படுத்த படுக்கைல அழுவறான். வர்ற வழியில பாவாயிகிட்டச் சொன்னா, போன வாரந்தான் பேசுனான், நல்லா இருக்கறேன்னான்னு என்னையப் பாத்துச் சிரிக்கறா."

"அவரு..." என்றாள் வசந்தாமணி. பேரைச் சொல்ல வரவில்லை.

பொங்கியண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டு, பிறகு மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டார். "அர்த்தநாரி ஒரே ஒரு வாட்டிதான் போன் போட்டான் அம்மிணி. போயிச் சேந்த மொத வாரம். பக்கத்துலதான் நின்னேன். 'இனி நமக்குள்ள என்ன இருக்குது?'ன்னு கேட்டான். நீ ஏதாச்சும் சொல்லுவீன்னுதான் கேட்டிருப்பான். நீயும், இனி நமக்குள்ள என்ன இருக்குதுன்னுட்டயாமா. போனை வெச்சவன் சோறு திங்கல. விடிஞ்சதும் எந்தக் கம்பெனி ரிக்குன்னு சொல்லாம வடக்க போயிட்டான்."

இத்தனை மாசமாகத் தினமும் அவளிடம் கோபமில்லை என்று சொன்னவன், முதல் வாரத்திலேயே அந்த முகாமை விட்டுப் போயிருந்தான்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மாவட்ட நிலையத்துக்குப் போய் மாதேஸ்வரன் முன்னால் நின்றாள். வாயில் வந்தபடி பேசினாள். ஒரு துண்டு ஒயரை எடுக்க மறந்து எத்தனை குடும்பத்தைக் கெடுத்தீர்கள் என்று கேட்டாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"நான் லூப்பே போடலயே அம்மிணி" என்றார். "அன்னைக்குப் பூரா உன்ற போனுக்காக ஒக்காந்திருந்தேன். நீ கூப்பிடவே இல்லையே. உன்ற பக்கம் பாத்தயா?"

திரும்பி வருகிற பஸ்ஸில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கின பிறகும் அது பொய்யாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வந்தாள். அறையைத் திறந்து, ரேக்கின் பின்கதவைத் திறந்தாள். நீலமும் வெள்ளையுமாகச் சாண் நீளத்துக்கு ஒரு ஒயர். அவள் ஜன்னலுக்கு ஓடின அன்றைக்குத் தன் கையால் குத்திவிட்டுப் போனது. மேலே தூசி படிந்து, ஒரு சிலந்தி அதிலிருந்து கேடயத்தின் பின்பக்கம் வரைக்கும் நூல் கட்டியிருந்தது. அனுப்பின கோலம் இந்த அறையைத் தாண்டியதே இல்லை. கருக்கமேட்டிலிருந்து ஒரு சொல்கூட வெளியே போனதில்லை, அதனால்தான் ஒரு பிழைகூட வந்ததில்லை.

பிடுங்கினாள்.

ஊரெங்கும் மணி அடித்தது. இத்தனை மாசம் வெளியே நின்றுகொண்டிருந்த குரல்களெல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே வந்தன. கொல்லையில், அடுப்படியில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு இருந்தவர்கள் ஓடிப்போய் எடுத்தார்கள். எடுத்தவர்கள் முகமெல்லாம் விழுந்துபோயிற்று. கரகரப்பும், இரைச்சலும், நடுவில் வெட்டி வெட்டிப் பேசுகிற, கேட்காததைக் கேட்கிற, சொல்லச் சொன்னதைச் சொல்லாத, ஒரு வருஷம் வயசான ஆண்கள். பூத்தில் தங்கவேல் கிடைத்தான். நாச்சிமுத்து ஆள் அனுப்பிப் பாவாயியைக் கூட்டி வந்தான். வசந்தாமணியும் பின்னாலேயே வந்து நின்றாள்.

"அம்மா... இடுப்பு ஒடைஞ்சு போச்சும்மா. என்னைய வந்து கூட்டிட்டுப் போம்மா."

பாவாயி ரிசீவரைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "யாருப்பா நீ?"

"தங்கவேலும்மா."

"என்ற பையன் நல்லா இருக்கறான் சாமி. அவன் கொரலு இப்பிடி இருக்காது. நீ யாரு பெத்த புள்ளையோ, உன்ற அம்மாளுக்குப் போடு" என்று தன்மையாகவே சொல்லி வைத்துவிட்டாள்.

"அது தங்கவேலுதான், பெரியம்மா!" என்று வசந்தாமணி அலறினாள். பாவாயி அவளை இரக்கத்தோடு பார்த்தாள். வரிசையில் நின்ற எல்லாரும் அப்படித்தான் பார்த்தார்கள்.

சாயங்காலத்துக்குள் நிலையத்து வாசலில் ஊர் கூடிவிட்டது. போன் கெட்டுப்போயிற்று, யார் யாரோ குறுக்கே பேசுகிறார்கள், பழையபடி ஆக்கு என்றார்கள். அதில் காளியண்ணன் குரல்தான் ஓங்கி இருந்தது. அவள் ஒயரைப் பிடுங்கின கையோடு தம்பி அவரைக் கூப்பிட்டு நிலத்தைப் பற்றிக் கேட்டிருந்தான். வசந்தாமணி ஒயரை எடுத்துக் காட்டி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள், தப்பு என்னுது என்றாள், நீங்கள் கேட்டதெல்லாம் உங்கள் வார்த்தைகள்தான் என்றாள். "செரி, அதையே மறுக்கா மாட்டியுடு" என்றார்கள். பாவாயி மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ற பையனைக் குடுத்துரு அம்மிணி" என்றாள்.

அவள் கொடுக்கவில்லை. வைராக்கியமாகத்தான் இருந்தாள். பொங்கல் கழிந்து லாரி கிளம்பும்போது பொங்கியண்ணனிடம் தங்கவேலுவை எப்படியாவது கொண்டுவந்து சேர்த்துவிடச் சொன்னாள். வடக்கே இருக்கிற முகாம்களின் நம்பரையெல்லாம் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, அர்த்தநாரி என்று ஒரு டிரில்லர், நெற்றியில் தழும்பு இருக்கும் என்று கேட்டாள். அந்தப் பேரில் யாரும் இல்லை என்று எல்லா இடத்திலும் சொன்னார்கள். இந்தப் பக்கம் அடிக்கிற மணியையெல்லாம் அவனுடையது என்று ஓடி எடுத்தாள். அவன் கூப்பிடவில்லை. லூப் நீங்கின லைன், திறந்து கிடக்கிற லைன், அதில் அவளுக்கென்று ஒரு சொல் வரவில்லை. ஊர் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தது. வீட்டிலும் ஆளில்லை, போனிலும் ஆளில்லை என்று ஆகியிருந்தது.

ஒரு நாள் மத்தியானம் அவள் ஒயரை எடுத்து மறுபடி குத்தினாள். ஊருக்குப் பயந்து குத்தியதாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டாள். ஊரும் அதை நம்பியது. அன்றைக்குப் பூத்தில் வெல்லம் போட்டுப் பொங்கல் வைத்தார்கள்.

தங்கவேல் வந்தது அதற்குப் பிறகு. லாரியிலிருந்து நாலு பேர் பிடித்து இறக்கினார்கள். இரண்டு பக்கமும் கம்பு ஊன்றிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே வீட்டுக்குள் போனான். பாவாயி அவனுக்குப் பாய் விரித்தாள், சுடுதண்ணி வைத்து ஊற்றினாள், தட்டில் சோறு போட்டு வைத்தாள். ஒரு குறையும் வைக்கவில்லை. விருந்துக்கு வந்த உறம்பறையை, வெளி ஆளைப் பார்த்துக்கொள்வதுபோல, "போட்டுக்குங்க, இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க" என்றாள். பெற்ற பிள்ளையைப் பார்த்து வாங்க போங்க என்கிறவள் போட்ட சோற்றை அவன் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவனும் கம்பை ஊன்றிக்கொண்டு அவள் பின்னாலேயே பூத்துக்குப் போனான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, நாச்சிமுத்து போட்ட ஸ்டூலில், வலிக்காத பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தான். உள்ளே பாவாயி கண்ணை மூடிக்கொண்டு, "அம்மா, நான் நல்லா இருக்கறேன், நீ சாப்பிட்டயா?" என்றாள். உள்ளிருந்து தன் குரல் அதைச் சொல்வதைத் தங்கவேல் கேட்டான். இடுப்பு ஒடியாத காலத்துக் குரல். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். வரிசையில் நின்றவர்கள் அவனுக்கு இடம் கொடுத்து ஒதுங்கி நின்றார்கள்.

கடைசியாக வசந்தாமணியின் முறை வந்தது. நிலையத்தில் போன் இருந்தும் இப்போதெல்லாம் அவளும் ஊரோடு வரிசையில்தான் நின்றாள். கதவைச் சாத்திக்கொண்டு, அர்த்தநாரி இல்லாத அந்த முகாம் நம்பரைச் சுழற்றினாள். எடுத்தார்கள். வழக்கமாகச் சொல்கிற எதுவும் அன்றைக்கு அவள் வாயில் வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே தங்கவேல் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் இருக்குதுங்க" என்றாள். "நமக்குள்ள எல்லாம் இருக்குது. போகாதீங்க."

ஒரு பிழைகூட இல்லாமல் அது திரும்பி வந்தது.